இருபத்தேழு நாள் மிச்சம்

பெண்ணாக இருந்தும் அவளை எல்லாரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் புருஷன் உயிரோடு இருந்த காலத்தில் அவன்கூட, "மேஸ்திரி, இன்னைக்கு எனக்கு என்ன வேலை?" என்று கேலியாகக் கேட்டுவிட்டுத்தான் சட்டையை மாட்டுவான். அவளையும் சேர்த்துக் களையெடுக்கப் போகும் பதினோரு பெண்களுக்கு அவள்தான் தலைவி. விடிந்ததும் பாலத்து முனையில் கூடுவார்கள். நெல் வைத்தவர்கள் அங்கே வந்து ஆள் கேட்பார்கள். எந்த வயல், எத்தனை பேர், எப்போது கரையேறுவது, யாருக்கு உடம்பு முடியவில்லை, யாரை மேட்டுப் பக்கம் நிறுத்துவது, எல்லாம் அவள் வாய்ச்சொல். அவள் இறங்கிய வயலில் புல் மிஞ்சாது என்று பேர்.

அறுவடைக்கு இயந்திரம் வந்து பல வருஷமாயிற்று. நடவு பத்து நாளில் முடிந்துவிடும். களைதான் அவர்களுக்குச் சோறு. நட்ட பதினைந்து நாளில் முதல் களை, அதன்பின் இரண்டு. ஊரில் எல்லாரும் ஒரே நாளில் நடுவதில்லை என்பதால் இரண்டு மாதத்துக்குமேல் வேலை ஓடும். அந்த இரண்டு மாதமும் இடுப்பு இடுப்பாக இருக்காது. காலையில் குனிந்தால் மத்தியானம்தான் நிமிர்வது. கால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். கூட்டத்தில் கடைக்குட்டிக்கு இருபத்திரண்டு வயதுகூட ஆகவில்லை, அதற்குள் அவள் உட்கார்ந்து எழுந்திருக்கும்போது கிழவிபோல் முனகினாள். மேஸ்திரிக்கு நாற்பத்தேழு. வலது இடுப்பில் ஒரு வலி குடிவந்து வாடகை இல்லாமல் தங்கிவிட்டிருந்தது.

அவளுக்கு ஒரு தம்பி. கடைவீதியின் கோடியில் பட்டறை வைத்திருந்தான். ஒரு லேத், ஒரு வெல்டிங் செட், தகரக் கூரை, அவ்வளவுதான். மண்வெட்டி, கதவுக் கொண்டி, டிராக்டர் கொக்கி என்று வந்ததையெல்லாம் ஒட்டிக் கொடுப்பான். அம்மா போனபோது அவனுக்கு ஐந்து வயது. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்காதான். அவனும் அதை மறந்தவன் இல்லை. நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்பான், ஆனால் இரண்டாவது தடவை சொல்லும்போதுதான் கேட்பான்.

அவன் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காலைக்கூடக் கழுவாமல் பேச ஆரம்பித்தான்.

"அக்கா, விவசாயத் திட்டத்து ஆபீஸ்லேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க. சின்ன விவசாயிங்களுக்கு, நின்னபடியே தள்ளிப் புல்லைப் புரட்டுற மாதிரி பல்லு வெச்ச ஒரு களை உருளை வேணுமாம். வெளிநாட்டுலேர்ந்து ஒண்ணு கொண்டுவந்து காட்டினாங்க. தூக்கவே ரெண்டு ஆள் வேணும். சேத்துல வெச்சா கிணத்துல போட்ட கல்லு மாதிரி உள்ள போகுது. நம்ம மண்ணுக்கு, நம்ம ஆளுங்களுக்கு ஏத்த மாதிரி செய்ய முடியுமான்னு கேக்கறாங்க."

"முடியுமா?"

"இரும்பு வேலை நான் பாத்துக்குவேன். களை என்னன்னு எனக்கு என்ன தெரியும்? நீ வந்து நில்லு."

மேஸ்திரி உடனே சரி என்றாள். பின்னாளில் இதை நினைத்துப் பார்க்கையில், ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லையே என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் அன்று யோசிக்க என்ன இருந்தது? குனியாமல் களையெடுக்கலாம் என்றால் எந்தக் களைக்காரி வேண்டாம் என்பாள்?

ஒரு ஏக்கர் சொந்தமாக வைத்திருந்த ஒரு விதவை தன் வயலைச் சோதனைக்குக் கொடுத்தாள். ஊரில் அவளை ஏக்கர்க்காரி என்பார்கள். திட்டத்துக்காரர்கள் சொன்னபடி கயிறு பிடித்து வரிசையாக நட்டிருந்தாள். முதல் உருளையை இறக்கிய அன்று பதினோரு பேரும் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். தம்பி தள்ளினான். உருளை புல்லையும் பிடுங்கியது, நெல்லையும் பிடுங்கியது.

"வீட்டுக்கு வந்த மாமியா மாதிரி, நல்லது கெட்டது பார்க்காம எல்லாத்தையும் புரட்டிப் போடுதே!" என்றாள் நெட்டை. கூட்டத்திலேயே உயரமானவள், வாயும் அதற்கேற்ற நீளம். சிரித்துச் சிரித்து ஒருத்தி வரப்பிலிருந்து சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தம்பியின் முகம் செத்துப் போயிற்று. மேஸ்திரி இறங்கிப்போய் உருளையைக் கையில் வாங்கினாள். இரண்டு அடி தள்ளினாள், ஒரு அடி இழுத்தாள்.

"டேய், இதோட கைப்பிடி உன் நெஞ்சு உயரத்துக்கு வெச்சிருக்கே. இங்க நிக்கிறவங்கள்ல உன் உயரம் யாரு இருக்கா, நெட்டையைத் தவிர? நான் தள்ளினா பல்லு மண்ணுல குத்தி நிக்குது. கைப்பிடியை ஏத்தி இறக்குற மாதிரி ஓட்டை போடு. அப்புறம் முன்னால இருக்கிற தகடு தட்டையா இருக்கு, அதான் மூக்கைக் குத்திக்குது. செருப்பு முனை மாதிரி மேல வளைச்சு விடு."

மூன்று வாரம் இப்படி ஓடியது. வேலை முடிந்ததும் அவள் நேராக ஏக்கர்க்காரியின் வயலுக்குப் போய்விடுவாள். பல்லுக்குப் பல் இடைவெளி குறைவாக இருந்தால் சேறு அப்பிக்கொள்கிறது, அதிகமானால் புல் தப்பிக்கிறது. இரண்டு விரல் இடைவெளி சரி என்று கண்டுபிடித்தவள் அவள்தான். தன் விரலையே வைத்து அளந்து காட்டினாள். வயலில் தண்ணீர் கணுக்காலுக்குக் கீழே இருந்தால்தான் உருளை ஓடும் என்று சொன்னதும் அவள்தான். ஆறாவது உருளை ஒற்றைக் கையால் தூக்குகிற கனத்தில் வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தாள். புல் புரண்டு சேற்றுக்குள் அமுங்கிக் கிடந்தது. நெல் அசையாமல் நின்றது. வேலை நடுவே நிமிர்ந்து நின்று எதிர்க்கரை மரங்களைப் பார்த்தது அவளுக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

"ஓடுதுடா," என்றாள். தம்பி வரப்பில் உட்கார்ந்து அழுதுவிட்டான்.

பாலத்து முனையில் மறுநாள் அவள் கூட்டத்துக்குச் சொன்னாள்: "இது வந்தா நாம ஒரு வயல் முடிக்கிற நேரத்துல அஞ்சு வயல் முடிப்போம். இடுப்பும் தப்பிக்கும்."

"அஞ்சு வயலுக்கு எங்க போறது, மேஸ்திரி?" என்று கடைக்குட்டி கேட்டாள். வெகுளியாகத்தான் கேட்டாள். மேஸ்திரி அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

திட்டத்து அம்மாவுக்கு உருளை மிகவும் பிடித்துப்போயிற்று. முப்பது வயதிருக்கும், படித்த பெண், சேற்றில் இறங்கத் தயங்காதவள். மேஸ்திரி உருளையைத் தள்ளுவதைப் படம் பிடித்துக்கொண்டு போனாள். அந்தப் படம் பெரிய அட்டையாகி, 'இனி குனிய வேண்டாம்' என்ற எழுத்தோடு ஒன்றியத்து ஆபீஸ்களிலெல்லாம் தொங்கியது. தம்பிக்கு நானூறு உருளைக்கு ஆர்டர் கிடைத்தது. பட்டறையை இரண்டு மடங்கு பெரிதாக்கினான், ஆள் வைத்தான். ஊரெல்லாம் மேஸ்திரியைப் பாராட்டியது. அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அடுத்த போகம் நட்டுப் பதினைந்து நாளாயிற்று. பதினோரு பேரும் பாலத்து முனைக்கு வந்தார்கள். ஆள் கேட்டு ஒருவரும் வரவில்லை. மழை வரும்போல இருக்கிறது, அதனால்தான் என்றார்கள். மறுநாள் வெயில் காய்ந்தது. அன்றும் ஒருவரும் வரவில்லை. மூன்றாம் நாள் மேஸ்திரி பொறுக்கமாட்டாமல் வயல் பக்கம் நடந்தாள்.

வயலெல்லாம் திட்டத்தில் கொடுத்த உருளை ஓடிக்கொண்டிருந்தது. அப்பனும் மகனும் மாற்றி மாற்றித் தள்ளினார்கள். இத்தனை வருஷத்தில் களையெடுக்கக் குனிந்தே அறியாத ஆம்பளைகள். குனிகிற வேலையாக இருந்தவரைக்கும் அது பொம்பளை வேலை. நின்று தள்ளுகிற இரும்பாக ஆனதும் அது ஆம்பளை வேலையாகிவிட்டது. ஒருவன் இவளைக் கண்டதும் கை ஆட்டி, "மேஸ்திரி, உன் தம்பி கையைக் கண்ணுல ஒத்திக்கணும்!" என்று கத்தினான்.

ஏக்கர்க்காரி தன் வயலில் தனியாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். மேஸ்திரியைப் பார்த்ததும் கரையேறி வந்தாள்.

"என்ன, கூப்பிடவே இல்ல?" என்று கேட்டாள் மேஸ்திரி.

ஏக்கர்க்காரி தலை குனியவில்லை. "எப்படிக் கூப்பிடுவேன் சொல்லு. போன வருஷம்வரைக்கும் வெளைஞ்சதுல பாதி உங்களுக்குத்தான் கொடுத்தேன். உங்க மேல தப்புச் சொல்லல. நீங்களும் ஒழைச்சீங்க. ஆனா இந்த வருஷம்தான் என் புள்ளைங்களுக்குப் போக மிச்சம் நெல்லு வீட்டுல நிக்கப்போகுது. உன் புண்ணியம் அது. உன்னைக் கும்பிடத்தான் தோணுது, கூப்பிடத் தோணல."

மேஸ்திரிக்குக் கோபப்பட ஒரு பிடி வேண்டுமே, அதுகூடக் கிடைக்கவில்லை. "தண்ணியை இன்னும் கொஞ்சம் வடி. பல்லு வழுக்குது பாரு," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

நேராகப் பட்டறைக்குப் போனாள்.

"எனக்கு ஆறு உருளை கொடு. நாங்களே கூலிக்குத் தள்ளறோம்."

தம்பி முகத்திலிருந்த வெல்டிங் முகமூடியைக் கழற்றினான். "அக்கா, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் அடிச்சிருக்கு. எல்லாம் திட்டத்துச் சொத்து. ஒண்ணு குறைஞ்சாலும் கேள்வி வரும்."

"அதுல ரெண்டு விரல் இடைவெளி யாரோட விரலுடா?"

வெல்டிங் செய்துகொண்டிருந்த ஆட்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தம்பி உள்ளே போய், சோதனைக்குச் செய்த பழைய உருளைகளில் தேறியவை இரண்டைக் கொண்டுவந்து வைத்தான். "இதுக்கு நம்பர் இல்ல. எடுத்துக்க."

இரண்டு உருளையோடு அவள் ஊரிலேயே பெரிய பண்ணைக்குப் போனாள். இருபது ஏக்கர். பண்ணைக்காரர் நாற்காலியில் சாய்ந்தபடியே கேட்டார்: "ரெண்டு உருளைக்குப் பதினோரு பேர் என்னத்துக்கு? மீதி ஒம்பது பேர் வரப்புல உக்காந்து பாட்டுப் பாடுவீங்களா? ரெண்டு பேர் போதும். நீ ஒருத்தி, கூட யாரையாவது கூட்டிட்டு வா. நாளைக்கே இறங்கு."

அன்று ராத்திரி முழுக்கப் பத்து முகமும் மாறி மாறி வந்து போயின. ஒருத்திக்குப் படுத்த படுக்கையில் புருஷன். ஒருத்திக்கு மூன்று பெண்பிள்ளைகள். நெட்டைக்கு வீடு இடிந்து கிடந்தது. கடைக்குட்டி ஏழு மாதக் கர்ப்பம், நின்று தள்ளுகிற வேலைதான் அவளால் முடியும். யாரை எடுத்தாலும் ஒன்பது பேரைத் தள்ள வேண்டும். யாரையும் எடுக்காமல் விட்டால் பதினோரு பேரும் பட்டினி. விடிந்ததும் பாலத்து முனைக்குப் போகாமல், சந்து வழியாகக் கடைக்குட்டியின் வீட்டுக்குப் போய் அவளை மட்டும் கூட்டிக்கொண்டு பண்ணைக்குப் போனாள். திருடப் போகிறவள்போல் வரப்புகளில் சுற்றிக்கொண்டு போனாள்.

பண்ணையில் அவர்களுக்கு விட்டது ஆறு ஏக்கர், ஆறு நாள் வேலை. முதல் நாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் நெட்டை வீட்டு வாசலில் வந்து நின்றாள். சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று மேஸ்திரி எதிர்பார்த்தாள். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம், மேஸ்திரி," என்றாள் நெட்டை. "நீ கடைக்குட்டியைத்தான் கூட்டிட்டுப் போவேன்னு எங்களுக்குத் தெரியாதா? நாங்களே அவளை அனுப்பியிருப்போம். பாலத்துல மத்தியானம்வரைக்கும் நின்னோம். வர்றவன் போறவன் எல்லாம் வேடிக்கை பாத்தான்."

"எனக்கு உங்க மூஞ்சியைப் பாக்கத் தைரியம் இல்ல."

"அது சரி. எங்க எல்லாரையும் நிமிர வெச்சுட்டே. இப்ப குனியறதுக்கு ஒரு எடம் இல்ல."

அதற்குப் பிறகு அவள் மேஸ்திரியை மேஸ்திரி என்று கூப்பிடவில்லை. எதிரே பார்த்தால் பேசாமல் போய்விடுவாள்.

மூன்றாம் களை முடிந்ததும் திட்டத்து அம்மா கையில் ஒரு படிவத்தோடு மேஸ்திரியின் வீட்டுக்கு வந்தாள். உருளையால் என்ன பயன் என்று கணக்கெடுக்கிறார்களாம். முதல் கேள்வியை அவளிடம்தான் கேட்க வேண்டும் என்று ஆசையாம். பாயை விரித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள் மேஸ்திரி.

"கையால ஒரு ஏக்கர் களையெடுக்க எத்தனை ஆள், எத்தனை நாளும்மா?"

"பதினோரு பேர், ஒரு நாள்."

"உருளையால?"

"ரெண்டு பேர், ஒரு நாள்."

அந்தப் பெண் எழுதிக்கொண்டே வாய்விட்டுக் கணக்குப் போட்டாள். "அப்ப ஒரு களைக்கு ஒம்பது ஆள், அதாவது ஒம்பது நாள் வேலை மிச்சம். மூணு களைக்கு இருபத்தேழு. ஒரு ஏக்கருக்கு இருபத்தேழு நாள் மிச்சம்! பெரிய விஷயம்மா இது. மேல இருக்கிறவங்க நம்பவே மாட்டாங்க."

"அது எங்க இருக்குன்னு எழுதறீங்களா?"

"எதும்மா?"

"அந்த இருபத்தேழு நாள். மிச்சமானதுன்னா எங்கயாவது இருக்கணும் இல்ல? எல்லாம் எங்ககிட்டத்தான் இருக்கு. நாள் பூரா பாலத்துல உக்காந்து அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தோம். யாருக்காவது வேணும்னா வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

பேனா நின்றது. அந்தப் பெண் கெட்டவள் இல்லை. அவள் முகம் வெளிறிப்போனதை மேஸ்திரி கண்ணால் பார்த்தாள்.

"உங்க கூட்டத்துக்குன்னு உருளை கொடுக்க நான் எழுதிப் பாக்கறேம்மா. உங்க யார் பேர்லயாவது நிலம் இருக்கா?"

"நிலம் இருந்தா அடுத்தவன் வயல்ல எதுக்குக் களையெடுக்கிறோம்?"

"பட்டா இருந்தாத்தான் பயனாளியாச் சேர்க்க முடியும். விதி அப்படி." அவள் படிவத்தைப் புரட்டினாள். "நிலம் இல்லாதவங்களுக்கு இதுல கட்டமே இல்லம்மா."

"அப்ப என்னை எதுல எழுதினீங்க?"

"'வடிவமைப்புக்கு உதவியவர்'ல."

அவள் போகும்போது வாசலில் நின்று, மன்னித்துவிடுங்கள் என்று சொன்னாள். இருபத்தேழு என்பதை அடிக்காமல்தான் எடுத்துக்கொண்டு போனாள். அடித்துத்தான் என்ன ஆகப்போகிறது?

கூட்டம் உடைந்தது. நான்கு பேர் செங்கல் சூளைக்குப் போனார்கள். நெட்டை குடும்பத்தோடு நகரத்துக்குப் போய் யார் வீட்டிலோ பாத்திரம் கழுவினாள் என்று கேள்வி. மற்ற நான்கு பேர் எங்கே கிடைக்கிறதோ அங்கே ஒருநாள் இரண்டுநாள் என்று அலைந்தார்கள். கடைக்குட்டி பிள்ளை பெற்று, அம்மா வீட்டோடு இருந்துவிட்டாள். பாலத்து முனையில் இப்போது ஒருவன் செல்போனுக்கு உறை விற்றுக்கொண்டிருக்கிறான்.

மேஸ்திரி இரண்டு மாதம் தம்பி வீட்டுப் பக்கம் போகவில்லை. அவன் அரிசி கொடுத்து அனுப்பினான், திருப்பி அனுப்பினாள். மறுபடியும் அனுப்பினான், வைத்துக்கொண்டாள். கடைசியில் அவனே வந்து தரையைப் பார்த்தபடி, "பெயின்ட் அடிக்க ஆள் வேணும் அக்கா," என்றான். கேட்டுவிட்டு அடிபடப்போகிறவன்போல் நின்றான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடந்தாள். வயிறு கோபித்துக்கொள்ளத் தெரியாத ஒன்று.

இப்படியாக அவள் பட்டறையில் ஒரு மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு நாளைக்கு இருபது உருளைக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தாள். அக்காவும் தம்பியும் வேலையைத் தவிர வேறு பேசுவதில்லை. இடுப்பு வலி கொஞ்சம் குறைந்திருந்தது. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு நாள் அவசர ஆர்டர். பக்கத்து மாவட்டத்துக்கு அறுபது உருளை, மறுநாள் லாரி. பெயின்ட் அடிக்க ஒன்றை எடுத்தவளுக்குக் கை ஏதோ சொன்னது. அச்சும் சட்டமும் சேருகிற இடத்தைத் தடவிப் பார்த்தாள். வெல்டிங் மேலோடு நின்றிருந்தது. சுத்தியலால் தட்டினாள், சத்தம் அடைத்துக் கேட்டது. அடுத்ததைத் தட்டினாள், அதற்கடுத்ததை. புதிதாக வந்த வெல்டர் அவசரத்தில் ஒட்டிய பன்னிரண்டும் அப்படியே இருந்தன. மேலே பெயின்ட் அடித்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. சேற்றில் மூன்று நாள், அதிகம் போனால் நான்கு நாள். அச்சு கழன்று விழும். களை வளர்ந்து நிற்கும். திட்டத்தின் பேர் கெடும். அந்த ஊரில் இருக்கிற களைக்காரிகளைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். அங்கேயும் ஒரு பாலத்து முனையோ மரத்தடியோ இருக்கும். அங்கேயும் பதினோரு பேர் நிற்பார்கள்.

தூரிகையைப் பெயின்ட் டப்பாவில் தோய்த்தாள். முதல் உருளையின் சட்டத்தில் பாதிவரைக்கும் அடித்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்து போனார்கள். அவள் போகவில்லை. அந்தப் பன்னிரண்டையும் எதிரே நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்த ஊரிலும் ஒரு ஏக்கர்க்காரி இருப்பாள். கடன்பட்டு நட்டிருப்பாள். முதல் தடவையாக இந்த வருஷம்தான் வீட்டில் நெல் நிற்கப்போகிறது என்று பிள்ளைகளிடம் சொல்லியிருப்பாள்.

பெயின்ட் காய்வதற்குள் துணியை எடுத்துத் துடைத்தாள்.

தம்பி கை கழுவிவிட்டு வந்ததும், "டேய், இந்தப் பன்னெண்டும் தாங்காது. திருப்பி ஒட்டச் சொல்லு," என்றாள்.

அவன் ஒன்றைத் தூக்கித் தட்டிப் பார்த்தான். முகம் மாறியது. வெல்டரை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு அவளிடம் திரும்பினான். "நல்ல வேளை அக்கா, நீ பாத்தே. இது மட்டும் போயிருந்தா ஆர்டரே போயிருக்கும்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் ஜுரம் வந்தால் எப்படி இருப்பானோ, அதே மாதிரி முகம் வியர்த்திருந்தது.

"ஆமா, போயிருக்கும்," என்றாள். "சாயங்காலத்துக்குள்ள ஒட்டிக் கொடுக்கச் சொல்லு. பெயின்ட் காய நேரம் வேணும்."